துணி காற்று விடுமா? வாங்கும் முன் நெசவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

"ப்யூர் காட்டன்ங்க, வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்" என்று கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. மெல்லிய மல் துணியும் ப்யூர் காட்டன்தான், பருத்தி நூலில் நெய்த தடித்த டிரில் பேன்ட் துணியும் ப்யூர் காட்டன்தான். மே மாத மதியத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பஞ்சு அதேதான். நூலின் பருமன், ஓர் அங்குலத்தில் எத்தனை நூல், அவை ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்பதில்தான் எல்லாமே மாறுகிறது. நூல்களுக்கு நடுவே இருக்கும் சந்துதான் காற்றுக்கு வழி. அந்தச் சந்தைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் லேபிளை நம்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

தையல் கற்று முடித்தவர்கள், வீட்டிலிருந்தே நைட்டி, குழந்தைகள் உடை, சட்டை என்று சின்ன அளவில் தொழில் தொடங்குபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு ஸ்கேல், ஒரு தையல் ஊசி, டார்ச் உள்ள போன், ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "துணி மூச்சு விடுது" என்று பேச்சுவாக்கில் சொல்லும்போது மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். காற்று துணிக்குள் புகுந்து வெளியே போவது ஒன்று. தோலிலிருந்து கிளம்பும் நீராவி துணியைத் தாண்டிப் போவது இன்னொன்று. வழிகிற வியர்வையைத் துணி உறிஞ்சி, பரப்பி, காயவைப்பது மூன்றாவது. ஒரு துணி ஒன்றில் நன்றாக இருந்து மற்றொன்றில் சொதப்பலாம். வியர்வை ஒரு கிராம் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் போகும். சொட்டிக் கீழே விழுந்தாலோ கர்சீப்பில் துடைத்துவிட்டாலோ அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஆகவே வியர்வை ஆவியாகப் போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படி 1: கால் மீட்டர் வாங்கித் துவையுங்கள்

புதுத்துணியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கடையில் இருக்கும் துணியில் கஞ்சி இருக்கலாம், மென்மைக்காகச் சிலிகான் பூச்சு இருக்கலாம், பளபளப்புக்காக உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கியும் இருப்பார்கள். கஞ்சி சந்துகளை அடைக்கும். நசுக்கப்பட்ட நூல் தட்டையாகி அகலும், அதனாலும் சந்து குறையும்.

துணியின் நடுவில் பால்பாயிண்ட் பேனாவால் 10 அங்குலச் சதுரம் ஒன்றை வரையுங்கள். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயவையுங்கள். காய்ந்ததும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 9.5 அங்குலம் ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அந்த அளவுக்கு நூல்கள் ஒன்றை ஒன்று நெருங்கிவிட்டன என்றும் அர்த்தம். துவைத்த பிறகு துணி காற்று விடுவது கூடலாம், குறையலாம். கஞ்சி போனதால் திறக்கும், சுருங்கியதால் மூடும். இரண்டில் எது ஜெயித்தது என்பதைத் துவைத்த துண்டு சொல்லிவிடும்.

படி 2: வெளிச்சத்தில் பாருங்கள்

போன் டார்ச்சைப் போட்டு, துணியை அதன் மேல் இழுத்துப் பிடியுங்கள். மல் துணியில் வெளிச்சம் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளாக வரும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு சதுரத்துக்கும் குறுக்கே பஞ்சு மயிர் ஒன்றிரண்டு நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். சட்டை பாப்ளினில் புள்ளிகள் மிகச் சிறியதாகி, நீளவாக்கில் ஒடுங்கிய கீற்றுகளாக இருக்கும். டிரில்லில் புள்ளியே இருக்காது. சாய்ந்த கோடுகள் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த ஒரு நிமிடச் சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். ஈரோடு ஜவுளிச் சந்தை மாதிரியான இடத்தில் நூறு கட்டுகளுக்கு நடுவே நிற்கும்போது இதைத் தாண்டி எதுவும் செய்ய நேரமும் இருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அடர் நிறத் துணியையும் வெள்ளைத் துணியையும் இப்படி ஒப்பிடாதீர்கள். வெள்ளையில் நூலின் வழியாகவே வெளிச்சம் கசியும், அதனால் திறந்த நெசவு போலத் தோன்றும்.

படி 3: நூலை எண்ணுங்கள்

கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. விசைத்தறிக்காரர்கள் ஒரு துணியை "40க்கு 40, 92க்கு 88" என்று சொல்வார்கள். முதல் இரண்டும் பாவு, ஊடை நூல்களின் நம்பர். அடுத்த இரண்டும் ஓர் அங்குலத்தில் இருக்கும் பாவு இழைகளும் ஊடை இழைகளும். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள நூல் சிட்டாக்கள் எத்தனை என்ற கணக்கு. ஆகவே நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 20ஆம் நம்பர் தடித்தது, 100ஆம் நம்பர் மெல்லியது.

தறிக்காரர்களிடம் பிக் கிளாஸ் என்ற மடக்குக் கண்ணாடி இருக்கும். அதன் அடியில் ஓர் அங்குலச் சதுரத் திறப்பு உண்டு. அது இல்லையென்றால் ஸ்கேலைத் துணி மேல் வைத்துப் போனில் நெருக்கமாகப் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணுங்கள். அரை அங்குலம் எண்ணி இரட்டித்தால் போதும். கண் வழுக்கிப்போகிறது என்றால் ஊசி முனையை ஒவ்வொரு நூலாக நகர்த்திக்கொண்டே போங்கள்.

நூல் நம்பர் கடைக்காரருக்கே தெரியாத இடங்களும் உண்டு. அப்போது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வெட்டி, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். கிராமை 100 ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது வந்துவிடும். பாவு எண்ணிக்கையையும் ஊடை எண்ணிக்கையையும் கூட்டி, 24 ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் வகுத்தால் நூல் நம்பர் தோராயமாகக் கிடைக்கும். 92ம் 88ம் சேர்ந்து 180, எடை 110 ஜிஎஸ்எம் என்றால் விடை 39 சொச்சம். அது 40ஆம் நம்பர் நூல் என்று எடுத்துக்கொள்ளலாம். பாவும் ஊடையும் வேறு வேறு நம்பரில் இருந்தால் இந்தக் கணக்கு சராசரியைத்தான் சொல்லும்.

படி 4: சந்து எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள். ஒரு முறை கை பழகிவிட்டால் துணி விற்பவர் சொல்லும் நான்கு எண்களை வைத்தே, துணியைத் தொடாமல் அதன் குணத்தை ஊகிக்கலாம்.

பருத்தி நூலுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நூல் நம்பரின் வர்க்கமூலத்தை 28 ஆல் பெருக்குங்கள். சந்தே இல்லாமல் ஓர் அங்குலத்தில் எத்தனை நூலைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம் என்பது அதுதான். 40க்கு வர்க்கமூலம் 6.32, 28 ஆல் பெருக்கினால் 177. இப்போது 92 பாவு இழைகள் இருக்கின்றன என்றால் 177இல் 92, அதாவது 52 சதவீத இடத்தை அவை அடைத்துக்கொண்டன. மிச்சம் 48 சதவீதம் காலி. ஊடையில் 88 இழை, அது அடைத்தது ஏறக்குறைய 50 சதவீதம், காலி 50. இரண்டு காலி இடங்களையும் பெருக்குங்கள்: 0.48 × 0.50 = 0.24. துணிப் பரப்பில் சுமார் 24 சதவீதம் திறந்த இடம்.

அதே 92க்கு 88ஐ வைத்துக்கொண்டு நூலை மட்டும் 60ஆம் நம்பருக்கு மாற்றினால் திறந்த இடம் 34 சதவீதம் ஆகிறது. 100ஆம் நம்பருக்குப் போனால் 46. எடை 110 ஜிஎஸ்எம்மிலிருந்து 45க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அங்குலத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கை துளிகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சட்டைக்குப் பரவலாகப் புழங்கும் 40க்கு 40, 132க்கு 72 பாப்ளினைப் போட்டுப் பாருங்கள். பாவு மட்டுமே 75 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. திறந்த இடம் 15 சதவீதம். 20க்கு 16, 108க்கு 56 டிரில்லில் வெறும் 7 சதவீதம். பேன்ட்டுக்குள் தொடை வேகும் காரணம் இந்த 7தான்.

இந்தக் கணக்கு நூலை வட்டமானதாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் நூல் கொஞ்சம் தட்டையாகும், மயிர் நீட்டும். ஆகவே விடையை அப்படியே சத்தியமாக நினைக்காமல், இரண்டு துணிகளை ஒப்பிடப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, 24 சதவீதத் திறப்புள்ள துணி 12 சதவீதத் திறப்புள்ளதைவிட இரண்டு மடங்குதான் காற்று விடும் என்று நினைக்க வேண்டாம். துளை சிறுக்கச் சிறுக்க, அதன் ஓரங்களில் உரசியே காற்று வேகம் இழக்கிறது. அதனால் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. "1000 திரெட் கவுண்ட்" (ஓர் அங்குலத்தில் இருக்கும் பாவு, ஊடை நூல்களின் மொத்த எண்ணிக்கை) என்று பெட்ஷீட் விற்கிறார்கள். 100ஆம் நம்பர் நூலிலேயே சந்து இல்லாமல் அடுக்கினால் ஒரு திசைக்கு 280, இரண்டு திசைக்கும் சேர்த்து 560. 1000 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு புரியாக முறுக்கிய ஒரே நூலை இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியதால் வந்தது. அப்படியொரு ஷீட் நெருக்கமாகவும் கனமாகவும்தான் இருக்கும். ஏசி அறைக்குச் சரி, ஃபேன் மட்டும் ஓடும் அறைக்கு நான் வாங்கமாட்டேன்.

படி 5: நெசவு வகையைப் பாருங்கள்

சாதா நெசவில் ஒவ்வொரு நூலும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறிப் போகும். வேட்டி, லுங்கி, பாப்ளின், கேம்பிரிக், வாயில் எல்லாம் இதுதான். ட்வில்லில் நூல் இரண்டு மூன்றைத் தாண்டிப் போவதால் சாய்ந்த கோடு விழும். டிரில், டெனிம், கேபர்டின் எல்லாம் அந்த ரகம். சாட்டினில் தாண்டல் இன்னும் நீளம், அதனால்தான் வழவழப்பு.

"ட்வில் அதிகம் காற்று விடுமா, சாதா நெசவா?" என்று கேட்டால் இரண்டு பதில் வரும், இரண்டும் சரி. ஒரே நூல், ஒரே எண்ணிக்கை வைத்து இரண்டையும் நெய்தால் ட்வில்தான் அதிகம் விடும். நூல்கள் பின்னிக்கொள்ளும் இடங்கள் குறைவு, அதனால் நூல் தளர்வாக நகர்ந்து காற்றுக்கு வழிவிடும். ஆனால் தறியில் யாரும் அப்படி நெய்வதில்லை. பின்னல் குறைவாக இருப்பதால் ட்வில்லில் இன்னும் நிறைய நூலைத் திணிக்க முடிகிறது, உறுதிக்காகத் திணித்தும் விடுகிறார்கள். மேலே பார்த்த 108 பாவு அப்படி வந்ததுதான். ஆக, நெசவின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் எண்களோடு சேர்த்துப் படியுங்கள்.

தோலில் துணி எவ்வளவு ஒட்டுகிறது என்பதும் நெசவைப் பொறுத்ததுதான். சாட்டின் தொட்டவுடன் குளுகுளுவென்று இருக்கும். வழவழப்பால் அதிகப் பரப்பு தோலைத் தொட்டு, வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. ஆனால் வியர்த்தால் அதே பரப்பு முழுதும் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சீர்சக்கர் இதற்கு நேரெதிர். பாவில் சில பட்டைகளை இறுக்கியும் சிலவற்றைத் தளர்த்தியும் நெய்வதால் தளர்ந்த பட்டை சுருக்கம் விழுந்து மேடாக நிற்கும். மேடு மட்டும் தோலைத் தொடும், பள்ளத்தில் காற்று ஓடும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான சட்டைத் துணி எனக்குத் தெரியாது. நம் கடைகளில் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பது புரியாத புதிர். இஸ்திரி போட்டாலும் சுருக்கம் போகாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

படி 6: நூலைப் பிரித்துப் பாருங்கள்

ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு விரலுக்கு நடுவே முறுக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். சீக்கிரமே பஞ்சாகப் பிரிந்தால் ஒற்றைப் புரி, முறுக்கும் குறைவு. இரண்டு இழையாகப் பிரிந்தால் இரட்டைப் புரி. ஜாக்கெட் துணியில் "டூ பை டூ" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பாவும் ஊடையும் இரட்டைப் புரிதான். முறுக்கு ஏறிய நூல் ஒல்லியாகவும் மயிர் குறைந்தும் இருக்கும், அதனால் சந்து சுத்தமாகத் திறந்திருக்கும். வாயில் துணி மெல்லியதாக இருந்தும் விறைப்பாக, உடம்பில் படியாமல் நிற்பது இதனால்தான். முறுக்கு குறைந்த நூல் மெத்தென்று இருக்கும், ஆனால் பரந்து சந்தை நிரப்பிவிடும். கோம்பிங் செய்த நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் அப்படிச் சீவாத கார்டட் நூலைவிட மயிர் குறைவு.

படி 7: வீட்டிலேயே மூன்று சோதனை

ஊதிப் பார்ப்பது. துணியை இரண்டு கையாலும் இழுத்து, வாய்க்கு அணைத்து, எரியும் ஊதுபத்தியின் புகைக்கு நேராக ஊதுங்கள். புகை கலையும் வேகத்தை வைத்து இரண்டு துணிகளை ஒப்பிடலாம். ஆய்வகத்தில் நடப்பதும் அடிப்படையில் இதேதான். துணியின் இரு பக்கமும் குறிப்பிட்ட அழுத்த வித்தியாசம் வைத்து (உடைத் துணிக்குப் பொதுவாக 100 பாஸ்கல்) எவ்வளவு காற்று கடக்கிறது என்று அளக்கிறார்கள். உங்களிடம் வாங்கும் பையர் சோதனை ரிப்போர்ட் கேட்டால் கோவையிலுள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் கொடுத்துச் சோதிக்கலாம்.

ஆவிச் சோதனை. ஒரே அளவு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, எடை பாருங்கள். மறுநாள் அதே நேரம் மீண்டும் எடை போடுங்கள். குறைந்தது ஆவியாய்ப் போனது. காற்றாடாத அறையில் வைத்தால் மல்லுக்கும் டிரில்லுக்கும் நீங்கள் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் வராது! ஊதும் சோதனையில் மலைக்கும் மடுவுக்கும் இருந்த வித்தியாசம் இங்கே சுருங்கிவிடும். காரணம், ஆவி மெல்லப் பரவிப் போவது. அதற்குக் குறுகிய சந்தே போதும், நூலுக்குள்ளேயும் வழி உண்டு. அதைத் தடுப்பது பெரும்பாலும் துணியின் தடிமன். அதே டம்ளர்களை ஃபேனுக்கு அடியில் வைத்தால் திறந்த நெசவு முந்த ஆரம்பிக்கும். ஃபேன், பைக், வயல்வெளி என்று காற்று இருக்கும் இடத்தில்தான் சந்துக்கு முழு மதிப்பு. காற்றே இல்லாத இடத்தில் மெல்லிய துணி, தொளதொள தையல் இரண்டும்தான் காப்பாற்றும்.

சொட்டுச் சோதனை. இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டு நீர் விட்டு, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது, எவ்வளவு பெரிய வட்டமாகப் பரவுகிறது, எப்போது காய்கிறது என்று பாருங்கள். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். ஆனால் பருத்திக்கு ஒரு பலவீனம் உண்டு. நனைந்தால் இழை ஊதிப் பெருக்கும், சந்து மூடிக்கொள்ளும். இதையே பயனாக்கியவர்கள் மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிட்யூட்காரர்கள். இரண்டாம் உலகப் போரில் கடலில் விழும் பிரிட்டிஷ் விமானிகளுக்காக வென்டைல் என்ற நெருக்கமான பருத்தித் துணியை உருவாக்கினார்கள். காய்ந்திருக்கும்போது ஆவி விடும், நனைந்தால் நூல் ஊதித் தண்ணீரை உள்ளே விடாது. அவர்களுக்கு உயிர் காத்த அந்தக் குணம், நம்மூரில் நெருக்கமான பாப்ளின் சட்டை நனைந்து முதுகில் பலகையாக ஒட்டும்போது தொல்லை. வியர்த்துக் கொட்டுபவர்களுக்குத் திறந்த நெசவு அதனால்தான் அவசியம். துவட்டவும் காயவும் ஈரிழைத் துண்டு டர்க்கி டவலை முந்துவதும் மெல்லிய, தளர்ந்த நெசவால்தான்.

படி 8: எங்கே, யாருக்கு என்று பொருத்துங்கள்

கைக்குழந்தை உடை, நைட்டி, கோடைச் சட்டைக்கு சாதா நெசவில் 60ஆம் நம்பருக்கு மேல், திறந்த இடம் 30 சதவீதத்தைத் தாண்டினால் நல்லது. அலுவலகச் சட்டைக்கு உள்ளே தெரியக் கூடாது என்பதால் 20 முதல் 25 வரை இறங்கலாம். வெள்ளையென்றால் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டிவரும். வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கு மட்டும் மல் மாதிரி திறந்த துணியைச் சிபாரிசு செய்யாதீர்கள். சந்து வழியாகக் காற்று மட்டுமா வரும், வெயிலும் வரும். அவர்களுக்கு மிதமான நெருக்கத்தில், தொளதொளவென்று, முழுக்கை வைத்துத் தைப்பதே சரி. பேன்ட்டில் உறுதி வேண்டும் என்பதால் டிரில்லைத் தவிர்க்க முடியாது. எடை குறைந்த ட்வில்லாகத் தேடுங்கள்.

படி 9: தைக்கும்போது கெடுத்துவிடாதீர்கள்

அலைந்து வாங்கிய வாயிலுக்கு அடியில் பாலியஸ்டர் லைனிங் கொடுத்தால் உழைத்ததெல்லாம் வீண். அடுக்குகள் சேரும்போது தடை கூடிக்கொண்டே போகும், எது இறுக்கமோ அதுவே காற்றை நிறுத்தும். லைனிங் வேண்டுமென்றால் துவைத்த மல்லோ மெல்லிய கேம்பிரிக்கோ கொடுங்கள். பிக்மென்ட் பிரின்ட்டில் சாயத்தைத் துணியோடு ஒட்டும் பசை சந்தையும் சேர்த்து ஒட்டிவிடும். பிரின்ட் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் விரலால் தடவி, தடிப்பாகத் தெரிந்தால் உடல் முழுக்க அந்த டிசைன் வேண்டாம். பசை இல்லாமல் இழையோடே சேர்ந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பசை வைத்த கேன்வாஸைக் காலர், கஃப், பட்டன் பட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டையின் முதுகுப் பட்டை வழக்கமாக இரண்டு அடுக்கு, வியர்க்கும் இடமும் அதுதான். மேல் அடுக்கைச் சட்டைத் துணியிலும் உள் அடுக்கை மல்லிலும் வெட்டினால் தோளில் விறைப்பும் குறையும்.